வேற்றுமுகம்

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்து நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடி முழுக்க ஜனம். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெருமுனை வரை போயிருந்தது. எப்சிபா சோற்றைப் பிசைந்து, சின்ன உருண்டையாகப் பிடித்து, மகளுக்கு ஊட்டுவதற்காகத் திரும்பினாள். பக்கத்து இலை காலியாக இருந்தது.

"எமீமா எங்கங்க?"

குழம்பு வாளியோடு பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ரூபன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். வாளியை அப்படியே மண்ணில் வைத்துவிட்டு வாசல் பக்கம் ஓடினான். ஒலிபெருக்கியில் பாட்டு நின்று, "மஞ்சக் கவுன் போட்ட மூன்றரை வயசுப் பெண்குழந்தை" என்று சபை ஊழியரின் குரல் வந்தது. எப்சிபாவுக்கு அதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. எச்சில் கையோடு, செருப்பில்லாமல் அவளும் ஓடினாள்.

வாசலுக்கு வெளியே வெளியூர் ஆட்களுக்கான வேன் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் பருத்த உடம்புக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எமீமா. தலையை அந்த அம்மாளின் மார்பில் சாய்த்துக்கொண்டு, நிம்மதியாக முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பிள்ளையா? ஆத்தி, நான் என்னத்தக் கண்டேன்! அதுவா வந்து மடியில ஏறிச்சு. அம்மான்னு கூப்பிட்டுச்சு. நம்ம வண்டியில வந்த ஆருக்கோ உள்ள பிள்ளைன்னுல்லா நெனச்சேன்!"

எப்சிபா பிள்ளையைப் பிடுங்கி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். எமீமா அழவில்லை. "அம்மா" என்று அவளையும் பார்த்துச் சிரித்தாள். வேன்காரியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, அதே அளவு. பிறகு தாயின் அழுகை பொருட்டில்லாமல், வேடிக்கை பார்க்க வந்து நின்ற இன்னொரு பெண்ணின் கம்மலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள்.

"என்ன சமத்து, என்ன சமத்து!" என்றாள் அந்தப் பெண். "ஒரு வேத்துமுகம் கிடையாதே! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, சொந்தச் சித்தப்பனக் கண்டாலே ஊரக் கூட்டிரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எப்சிபாவால் சிரிக்க முடியவில்லை. தன் மகளுக்கு வேற்றுமுகம் இல்லாமல் போனது எதனால் என்ற சந்தேகம் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் எழுந்தது.

எட்டு, ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் திடீரென்று மாறிவிடும். நேற்றுவரை யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, இன்று பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டால் உதட்டைப் பிதுக்கும். அம்மா எழுந்து போனால் வீறிடும். வேற்றுமுகம் பார்க்கிறது என்பார்கள். எல்லா வீட்டிலும் நடப்பது. எப்சிபா வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் மட்டும் அது ஒரு தொல்லையாக இருந்தது. அங்கே தையல் வரிசையில் இருந்த பெண்களில் பாதிப்பேர் கைப்பிள்ளைக்காரிகள். பிள்ளைகள் காப்பகத்தில் இருந்தன. அந்த மாதங்கள் வந்துவிட்டால் காப்பகத்தில் ஒரே கூப்பாடு. மிஷினில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குக் காது அங்கேயே இருக்கும், தையல் கோணும். சிலர் வேலையை விட்டே போனார்கள்.

எப்சிபா அங்கே புத்தாடை ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். துணிக்குள் சென்சார் எனும் உணர்விகளை நெய்வது அவள் படிப்பு. அந்தத் தாய்மார்கள் படும் பாட்டைப் பார்த்து உண்மையாகவே இரங்கித்தான் அவள் மடிச்சட்டையைச் செய்தாள். அதில் கள்ளம் இல்லை. பின்னாளில் அவளை அதிகம் வதைத்ததும் அதுதான்.

மடிச்சட்டை என்பது ஆயாக்கள் போட்டுக்கொள்ளும் ஒரு மேலங்கி. தாயின் இதயத் துடிப்பை அது நெஞ்சுப் பகுதியில் துடித்துக் காட்டும். தாயின் உடல் வாசனையைக் கழுத்துப் பட்டையில் கசியவிடும். பேசுகிறவரின் குரலைத் தாயின் குரலாக மாற்றித் தரும். முகத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய திரை. அதில் தாயின் முகம் ஒளியாக விழும், சிரித்தபடி. ஆயா ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்குத் திரும்பும்போது அவள் முகமும் மாறிவிடும். முதல்முறை அதைப் பார்த்த மேலாளர் கண்ணபிரான் கை தட்டினார். காப்பகத்தில் சத்தம் அடங்கியது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. அடுத்த ஆண்டுக்குள் மடிச்சட்டை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

எமீமா பிறந்தபோது அவளுக்கும் அதைத்தான் வைத்தார்கள். செய்தவளே நம்பாவிட்டால் ஊர் எப்படி நம்பும்? காப்பகத்தில் ஆயாக்கள் போட்டார்கள். வீட்டில் வேலைக்கு வந்த பெண் போட்டாள். ரூபனும் போட்டுக்கொண்டான். ஒரே ஒருத்திதான் மறுத்தாள். ரூபனின் அக்கா சுகிர்தம்.

சுகிர்தத்துக்குக் கல்யாணமாகவில்லை. கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிற வேலை. தம்பி வீட்டோடு இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

"இந்தக் கோட்டெல்லாம் எனக்கு ஆவாது தாயீ. நமக்கே வேக்குது, இதுல ஒன் மூஞ்சிய வேற சொமக்கணுமாக்கும்? எனக்குக் கர்த்தர் குடுத்தது இந்த மூஞ்சிதான். பிள்ளைக்குப் பிடிச்சா வரட்டும், பிடிக்காட்டி அழட்டும்."

பிள்ளை அழுதது. எட்டாம் மாதத்தில் எமீமா கண்டு அழுத ஒரே ஆள் சுகிர்தம்தான். வேலைக்குப் புறப்படும்போது அவள் பேசாமல் நழுவ மாட்டாள். தொட்டிலுக்குள் தலையை விட்டு, "அத்த போயிட்டு வாரேன், என்னா? சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அது வீறிடும். சாயங்காலம் வந்து நிற்பாள். மறுபடி வீறிடும்.

"மைனி, நீங்க அவ பக்கம் போவாதீங்களேன்" என்று எப்சிபா முதலில் சொன்னாள். பிறகு பிள்ளைக்கு நல்லதில்லை என்று ரூபனிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சுகிர்தம் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக்குச் சளி பிடிச்சா நெஞ்சுல தேங்காண்ண தடவு" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு வீட்டில் அழுகையே இல்லை.

அசனம் நடந்த அடுத்த வாரம் எமீமாவை டாக்டர் மெஹ்ராஜிடம் கூட்டிப் போனார்கள். அவர் குழந்தை மனநல மருத்துவர். நடுவயதுக்காரி. அவர் அறையில் பொம்மைகளைவிட நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. எமீமாவைத் தரையில் விளையாட விட்டுவிட்டு அவர் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை மேசை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டது. அழுதது. அம்மா இந்தப் பக்கம் நின்றாள், அப்பா அந்தப் பக்கம். எமீமா இரண்டு பக்கமும் போகவில்லை. கதவோரம் நின்ற, யாரென்றே தெரியாத நர்ஸ் அவளுக்குக் கிட்டத்தில் இருந்தாள். பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டது.

டாக்டர் எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார். "எல்லார்ட்டயும் போற பிள்ளைன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க."

"ஆமா டாக்டர்."

"எல்லார்ட்டயும் போற பிள்ளைக்கு, போறதுக்குன்னு ஒருத்தர் இல்லைன்னு அர்த்தம்மா. ஒரு முகத்த நல்லாத் தெரிஞ்சாத்தானே மத்த முகம் வேத்துமுகமாகும்? மொத வருஷத்துல பிள்ளை ஒருத்தரப் பிடிச்சுக்கும். அவங்க போனா அழும், வந்தா சிரிக்கும், வரலைன்னா பயப்படும். அந்த அழுகையிலதான் அது 'இவங்க என் ஆளு'ன்னு கத்துக்குது. பெறகு பள்ளிக்கூடம், சிநேகிதம், கல்யாணம், எல்லாம் அந்த ஒரு பிடியில இருந்துதான் வளரும்."

"என் முகத்தத்தான டாக்டர் எல்லாரும் போட்டிருந்தாங்க?" எப்சிபாவின் குரல் அவளுக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது. "அப்போ என்னையில்லா அவளுக்குத் தெரியணும்?"

"நீங்க வீட்டுக்கு வந்தப்புறம்? உங்க சொந்த முகத்தோடதான தூக்கினீங்க?"

எப்சிபா ரூபனைப் பார்த்தாள். ரூபன் தரையைப் பார்த்தான்.

அவள் எதையும் மறைக்கிற சுபாவக்காரி அல்ல. ஆனால் இந்த ஒன்றை அவள் ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. வேலை முடிந்து வரும்போது முகம் வாடியிருக்கும், கண் எரியும், குரல் கம்மியிருக்கும். பிள்ளை அவளைப் பார்த்ததும் திகைத்து, வேலைக்காரப் பெண்ணின் திரையில் சிரிக்கும் அந்த முகத்தைத் தேடும். அந்த முகம் களைத்ததே இல்லை. அதனால் எப்சிபா வாசலிலேயே மடிச்சட்டையை வாங்கி மாட்டிக்கொள்வாள். தன் முகத்துக்கு மேலே தன் முகத்தையே போட்டுக்கொண்டுதான் மகளுக்குப் பால் கொடுத்தாள். தாலாட்டினாள். எமீமாவுக்கு இரண்டு வயதாகி, சட்டையை நிறுத்துகிற நாள் வரை.

அதை இப்போதுதான் முதல்முறையாக டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

டாக்டர் கடிந்து பேசவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "அவளுக்கு ஒரு அம்மா இருந்தாங்க. அந்தத் திரைக்குள்ள. ரெண்டு வயசுல ஒரு நாள் அவங்க செத்துப்போயிட்டாங்க. அவளுக்கு யாரும் துட்டிச் சேதி சொல்லல. அதுக்கப்புறம் வந்த எல்லாரும் அவளுக்கு ஒண்ணுதான்." குனிந்து எமீமாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அந்தச் சட்ட போடாம அவளத் தூக்கினவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"என் அக்கா" என்றான் ரூபன். "அவகிட்ட மட்டும் அழுவா."

"அழுதாளா?" டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அல்லாவே! அந்த அழுகை ஒண்ணுதான் அவகிட்ட நல்லா இருந்திருக்கு. அவங்க எங்க இப்போ?"

எப்சிபா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது தையல் வரிசையிலிருந்து இசக்கிப்பிரியா ஓடி வந்தாள். இரண்டாவது பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தவள். கையில் ஒரு டப்பா நிறைய அதிரசம்.

"மேடம், ஒங்க புண்ணியம். மூத்தவன் அழுத அழுகையில நான் வேலையையே விட்டேன்லா? இவன் மூச்சு விடல. நான் போறதும் தெரியாது, வாரதும் தெரியாது. சாமி மாதிரி நீங்க."

எப்சிபா டப்பாவை வாங்கவில்லை. "இசக்கி, அவன் அழட்டும்" என்றாள்.

"என்ன மேடம்?"

எப்சிபா எல்லாவற்றையும் சொன்னாள். வேன் ஜன்னலில் பார்த்ததைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இசக்கிப்பிரியாவின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

"அழவிட்டா என்னைய யாரு மேடம் மிஷினவிட்டு எந்திரிக்க விடுவா? சட்டையக் குடுக்கும்போதும் நீங்கதான் வந்து சொன்னிய, இப்பமும் நீங்கதான் சொல்லுதிய. நாங்க எதத்தான் கேக்க?"

எப்சிபா அந்தக் கேள்வியை அப்படியே கண்ணபிரானிடம் கொண்டு போனாள்.

"அழாத பிள்ளையை யாராவது குறைன்னு சொல்லுவாங்களா எப்சிபா?" என்று அவர் சிரித்தார். "உங்க பிள்ளை விஷயம் வேற. அதுக்காக ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளையும்?"

"என் பிள்ளை மாதிரிதான் சார் எல்லாப் பிள்ளையும். நான் செஞ்சது. அத நான்தான் சொல்லணும்."

வாரக்கணக்கில் மல்லுக்கு நின்று அவளால் ஓர் அறையை மட்டும்தான் வாங்க முடிந்தது. அந்த அறையில் ஆயாக்களுக்கு மடிச்சட்டை கிடையாது, அவரவர் முகம்தான். அதே ஆயாவிடம் அதே பிள்ளைகள். பிள்ளை அழுதால் தாய் வரிசையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அழுகை அறை என்று அதற்குப் பேர் விழுந்தது. எப்சிபாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் உண்டு. முதல் மாதம் அந்த அறைக்கு யாரும் பிள்ளையைத் தரவில்லை. பிறகு ஒரு நாள் இசக்கிப்பிரியா ஒன்றும் பேசாமல் தன் மகனைக் கொண்டுவந்து விட்டாள். எப்சிபா தன் மதிய நேரத்தை அங்கேயே கழித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியது தன் கடமை என்று அவளுக்குத் தோன்றியது.

இதற்கிடையில் அவள் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். சுகிர்தம் அறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வா. என்ன, பிள்ளைக்குச் சளியா?"

"மைனி, நான் ஒங்களுக்குப் பெரிய பாவம் செஞ்சிட்டேன்."

"எனக்கென்னட்டி செஞ்ச? நான் இங்கன நிம்மதியா இருக்கேன், ஒன் சமையலத் திங்காம." சிரித்துவிட்டு, எப்சிபா சிரிக்காததைப் பார்த்து அவள் கீரையைக் கீழே வைத்தாள். முழுவதையும் கேட்டாள்.

"எனக்குப் பிள்ள தூக்கத் தெரியாதுன்னுல்லா நெனச்சிட்டேன்" என்றாள் கடைசியில். "என் மூஞ்சியப் பாத்தா பிள்ளைக்குப் பிடிக்கல, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லன்னு. மூணு வருஷமா அண்டைவீட்டுப் பிள்ளையக்கூடத் தூக்கல நான்."

எப்சிபா அவள் காலைத் தொடப்போனாள். சுகிர்தம் கையைத் தட்டிவிட்டாள். "காலத் தொடுதாளாம்! எந்திரி. இந்தக் கீரைய ஒரு பைல போடு. அங்க வந்து ஆஞ்சுக்கலாம்."

சுகிர்தம் பண்டகசாலைக்குக் காலையில் மட்டும் போகும்படி வேலையை மாற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். டாக்டர் சொன்ன மருந்து ஒன்றே ஒன்றுதான். நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். சுகிர்தத்துக்கு அது புதிதல்ல. தலைவாரிப் பின்னுவாள், சோறு ஊட்டுவாள், வாயாடுவாள். எமீமா எல்லாரையும் போல அவளையும் அம்மா என்றாள். "அம்மா இல்லட்டி, அத்த. இந்தப் பல்லப் பாரு, கோணப் பல்லு. ஒங்கம்மைக்கு நேர்ப் பல்லு" என்று ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் திருத்துவாள்.

எப்சிபாவும் தன் வெறும் முகத்தோடு முயன்றாள். ஆனால் தொழிற்சாலையில் சண்டை இருந்தது. மற்ற ஊர்க் காப்பகங்களுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தன் கையால் கொடுத்ததைத் தன் வாயாலேயே திரும்பக் கேட்க வேண்டும் என்று அவள் தனக்கே விதித்துக்கொண்டாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். எமீமா தலையாட்டிவிட்டு விளையாடுவாள். திரும்பி வரும்போது அதே அளவான சிரிப்பு. இரவில் முழங்காலில் நின்று எப்சிபா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, என் பிள்ளை ஒரு தரம் எனக்காக அழட்டும். என்னைத் தண்டிப்பதானால் வேறு விதமாகத் தண்டியும்.

மாதங்கள் போய், மழைக்காலம் தொடங்கியிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் போயிருந்த எப்சிபா சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீடு திரும்பினாள். பேருந்தில் நனைந்து, தலை கலைந்து, தொண்டை கட்டியிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. சுகிர்தம் எமீமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் மழையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எமீ, யாரு வந்திருக்கா பாரு! அம்மா வந்தாச்சு!"

எப்சிபா பையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

எமீமா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் கண்கள் எப்சிபாவின் ஈரத் தலையிலிருந்து முகத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றன. கீழுதடு மெல்லப் பிதுங்கியது. அடுத்த கணம், "அத்தே!" என்று வீறிட்டுச் சுகிர்தத்தின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டாள்.

சுகிர்தம் பதறிப்போனாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலட்டி... சத்தியமா... எமீ, அம்மாடி அது! போ, அம்மைட்டப் போ." பிள்ளையின் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தாள். எமீமா இன்னும் பலமாக அலறினாள். அடுக்களையிலிருந்து வந்த ரூபன் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியோடு நின்றான். பழைய நாள் திரும்பி வந்துவிட்டதுபோல் அக்காவையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தான்.

எப்சிபாவின் நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. உலகத்திலிருந்தே அவள் இல்லாமலாக்கப் பார்த்த வேற்றுமுகம் இதோ அவள் வீட்டு நடுவில் நின்று, அவளையே பார்த்து அழுகிறது. நெஞ்சில் எங்கோ கிழிந்தது. அதே இடத்தில், அவளால் நம்பமுடியாத ஒரு நிம்மதியும் ஊறியது. பிள்ளைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. ஒருத்தியைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"பிரிக்காதீங்க மைனி" என்றாள். கட்டிய தொண்டையில் குரல் அவளுடையது போலவே இல்லை. "பிடிச்சுக்கோங்க. நல்லாப் பிடிச்சுக்கோங்க. இனி எங்கயும் போயிராதீங்க."

சுகிர்தம் அவளையே பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு, பிள்ளையின் முதுகைத் தட்டத் தொடங்கினாள். அவள் கண்ணிலிருந்து நீர் எமீமாவின் தலையில் விழுந்தது.

எப்சிபா கிட்டே போகவில்லை. கையை மடக்கிக்கொண்டு, எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஈரச் சேலையை மாற்றவில்லை, தலையைத் துடைக்கவில்லை, முகத்தைச் சிரிக்க வைக்கவுமில்லை. களைத்த முகம் களைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அழுகை தேம்பலாகி, தேம்பல் விக்கலாகி அடங்கியது. வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. சுகிர்தத்தின் தோளுக்கு மேலே முதலில் நெற்றி தெரிந்தது, பிறகு ஒரு கண். அந்தக் கண் எப்சிபாவைப் பார்த்தது. பயத்தோடு, சந்தேகத்தோடு, யாரென்று அறிய வேண்டும் என்ற ஆசையோடு பார்த்தது. இத்தனை வருடத்தில் மகள் தன்னைப் பார்ப்பது இதுவே முதல்முறை என்று எப்சிபாவுக்குப் பட்டது.

கண் மறைந்துகொண்டது. அவள் அசையாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் எட்டிப் பார்த்தது.